ஒரு நூல் கூடுதல்

"கோட்டைத் தாண்டக் கூடாதுன்னு எனக்கு கான்வென்ட்ல ஒண்ணாங்கிளாஸ்லயே சொல்லிக் குடுத்தாங்க. இவளுக்கு இருபத்தெட்டு வயசாகியும் ஏறலை."

லேப்டாப் திரைமேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு அம்மா சொன்ன தீர்ப்பு இது.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் ஆப்புக்கும் போர்டுகளுக்கும் புது எழுத்து வடிவம் செய்து கொடுப்பது மகளின் வேலை. முனையெல்லாம் மழுங்கி, வட்ட வட்டமாக இங்கிலீஷ் எழுத்துகள். இரண்டு வருஷ உழைப்பு. இன்று ஆஸ்பத்திரி டைரக்டர் தலையசைத்தால் உண்டு. இல்லையென்றால் குப்பைத்தொட்டி.

வீடியோ காலில் டைரக்டர் வந்தார். அவர் கையிலும் ஒரு ஸ்கேல்.

'எச்' கோட்டுக்குள் ஒழுங்காக நிற்கிறது, 'ஓ' மட்டும் மேலேயும் கீழேயும் பிதுங்குகிறது, இதைக்கூடவா கவனிக்கவில்லை என்று கேட்டார்.

"அதைத்தான் சார் நானும் காலையிலேர்ந்து தொண்டை கிழியச் சொல்றேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

மகள் பல்லைக் கடித்தாள். "எங்கம்மா சார்."

"வெளியில உங்களுக்கு எதிரியே வேணாம் போலிருக்கே" என்றார் டைரக்டர்.

மகள் 'ஓ'வைச் சரியாகக் கோட்டுக்குள் அடக்கி, 'எச்' பக்கத்தில் வைத்தாள். ஸ்கேல் கணக்கில் இரண்டும் ஒரே உயரம். கண்ணுக்கோ, 'ஓ' நாலு நாள் பட்டினி கிடந்ததுபோல் சுருங்கித் தெரிந்தது. பழையபடி ஒரு நூல் அளவு பெரிதாக்கினாள். இரண்டும் சமமாக நின்றன.

டைரக்டர் மாற்றி மாற்றிப் போடச் சொல்லிப் பார்த்தார். கடைசியில் ஸ்கேலை டிராயருக்குள் போட்டார்.

"இதையே வெச்சுக்கலாம்மா" என்றவர், இதெல்லாம் எந்தக் காலேஜில் சொல்லித் தருகிறார்கள் என்று விசாரித்தார்.

"காலேஜ்ல இதுக்கு ஒரு பேர்தான் சொன்னாங்க சார். நான் கத்துக்கிட்டது வீட்ல."

மகள் லேப்டாப்பைத் தூக்கிச் சமையலறைப் பக்கம் திருப்பினாள். பாத்திரம் தேய்க்கும் சத்தம் நின்றது.

"எனக்கு எட்டு வயசுல அப்பா இவங்களைக் கல்யாணம் பண்ணிக்கிட்டார். இவங்க பையனுக்கும் எனக்கும் ஒரே வயசு. வீட்ல கேக் வெட்டினா என் துண்டு எப்பவும் ஒரு நூல் பெரிசா இருக்கும். அவன் ஸ்கேலைத் தூக்கிட்டு சண்டைக்கு வருவான்."

"போதும். வேலையைப் பாரு" என்றாள் அம்மா, முதுகைக் காட்டிக்கொண்டு.

"எனக்குக் கேட்காதுன்னு நினைச்சு அவன் காதுல சொல்வாங்க சார்: 'உன்னைப் பெத்தவ நான். அவளுக்கு நான் புதுசு. அளந்து சமமாக் குடுத்தா, அவ கண்ணுக்குக் கம்மியாத்தான்டா தெரியும்.'"