முந்திரிக்கொத்துக்குப் பாகு

தீபாவளிக்கு முதல் நாள் காலையில் சரண்யாதேவி போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, முந்திரிக்கொத்துக்குப் பாகு முத்திட்டு. உருண்டை கல்லு மாதிரி இருக்கு. என்ன செய்ய?”

“வெந்நீர் தெளிச்சுப் பிசைஞ்சு பிடிளா, இளகிரும்” என்றாள் பேச்சிச்செல்வி.

“வடிவுக்கு முன்பல்லு ஆடுது. கடிக்க மாட்டால்லா, அதான் கேட்டேன்.”

பேச்சிச்செல்வி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். “எப்பலேருந்து ஆடுது?”

“நாலு நாளா. பல்லு விழுந்ததும் அம்மாட்டதான் காட்டணுமாம். நாளைக்கு அவளை ஸ்ரீவைகுண்டத்துக்கு நானே கூட்டிட்டு வாரேன். அவுககிட்ட பேசிட்டேன்.”

விவாகரத்துக்குப் பிறகு இரண்டு வருடமாக, பெற்றவள் பேச்சிச்செல்வியின் கண்ணில் மகள் வடிவைக் காட்டாமலே வைத்திருந்தான் செல்லப்பாண்டி. அவன் இரண்டாவதாகக் கட்டிக்கொண்டவள்தான் சரண்யாதேவி.

பேச்சிச்செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“ஏளா, வாசல்ல விட்டுட்டுப் போயிராத. நீயும் இருந்து சாப்பிட்டுத்தான் போவணும்.”