அப்பாவின் ஓவர்டைம்

"ஓவர்டைமா? நம்ம அட்டைப்பெட்டி கம்பெனியிலயா? யாரு தம்பி சொன்னது?"

ரிட்டயர்டு சூப்பர்வைசர் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அடுத்து மைக்கில் பேசவிருந்த மூத்தவன் அப்படியே நின்றான்.

அப்பாவின் நினைவுக் கூட்டம். ஹால் நிறைய ஆட்கள். முதல் வரிசையில் அம்மா. 'எங்களுக்காக வாழ்நாள் முழுக்க ஓவர்டைம் பார்த்த மனுஷன்' என்றுதான் அவன் பேச்சை ஆரம்பிப்பதாக இருந்தான்.

"அப்பாதான் சார் சொன்னார். தினமும் எட்டு மணிக்குத்தானே வீட்டுக்கு வருவார்!"

"அஞ்சு மணிக்குச் சங்கு ஊதின கையோட கேட்டைப் பூட்டிடுவோம். அதுலயும் உங்கப்பா, சங்கு ஊதறதுக்கு முன்னாடியே செருப்பை மாட்டிக்கிட்டு நிப்பார்."

சொல்லிவிட்டு அவர் பிஸ்கட் தட்டைத் தேடிப் போய்விட்டார்.

மூத்தவன் தங்கையை ஓரமாக இழுத்துப் போனான்.

"அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் மனுஷன் எங்கே போனார்?"

"எனக்கு அப்பவே சந்தேகம்ணா. அத்தனை வருஷம் ஓவர்டைம் பார்த்தவர் வீட்டுக்கு ஒரு சைக்கிள்கூடப் புதுசா வந்ததில்லை."

"சும்மா இரு. நம்ம அப்பாவா? உன் காலேஜ் டூர் பஸ்ஸுக்குப் பின்னாடியே இன்னொரு பஸ் பிடிச்சு வந்தவர். என் இன்டர்வியூவுல ஜன்னல் வழியா எட்டிப் பார்த்துப் பதில் சொன்னவர்!"

"அந்த ஆபீசர், வேலையை உங்கப்பாவுக்கே தரட்டுமான்னு கேட்டாரே!" தங்கைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஞாயித்துக்கிழமை இன்னும் மோசம். அம்மா சமைக்கிறப்ப ஒவ்வொரு பாத்திரமா மூடியைத் திறந்து பார்ப்பார், அடுப்பைக் குறைப்பார், டப்பாவை எல்லாம் இடம் மாத்தி வைப்பார். சாயங்காலம் அம்மா தலையில துணியைக் கட்டிக்கிட்டுப் படுத்துடுவாங்க."

"அப்பேர்ப்பட்ட குடும்பஸ்தரைப் போய்..."

"அதான்ணா எனக்கு இடிக்குது. அவர்கிட்ட இருந்த பாசம் ரெண்டு குடும்பத்துக்குப் போதுமே!"

"வாயை மூடு. அம்மா காதுல விழுந்தா, அவங்களுக்கும் இதே ஹாலைப் புக் பண்ண வேண்டியதுதான்."

"அப்ப அங்கே பாரு. கடைசி வரிசையில ஒருத்தர் தேம்பித் தேம்பி அழறார். நம்மளைவிட ஜாஸ்தியா. அந்த வீட்டு மச்சினனோ என்னவோ!"

மூத்தவன் உற்றுப் பார்த்தான். மார்க்கெட் தெரு சலூன்காரர். இருவரும் அவரிடம் போனார்கள்.

"அண்ணே, அப்பாவுக்கும் உங்களுக்கும் அவ்வளவு பழக்கமா? அவர் தலையில முடியே கிடையாதே!"

சலூன்காரர் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"வெட்டிக்கவா வந்தார்? உட்கார வந்தார் தம்பி. என் கடையில ரெண்டாவது நாற்காலி இருக்கே, அதுதான் அவரோட ஓவர்டைம். வருவார், சாய்வார், சுடுதண்ணியில நனைச்ச துண்டை மூஞ்சி மேல போடச் சொல்வார். எட்டு மணிக்குத்தான் வெளியே வருவார்."

"அதுவரைக்கும் என்ன பண்ணுவார்?"

"ஒண்ணும் பண்ணமாட்டார். 'அப்பான்னும் யாரும் கூப்பிடாம, என்னங்கன்னும் யாரும் கூப்பிடாம இருக்கிற இடம் இந்தத் துண்டுக்குள்ளதான் இருக்கு'ம்பார்."

"நானும் உங்ககிட்டதானே முடி வெட்டிக்கிறேன்? ஒருநாள்கூடப் பார்த்ததில்லையே!"

"பக்கத்து நாற்காலியிலயே உட்கார்ந்திருக்கீங்க. 'எங்கப்பா அறுவை தாங்கலை, எப்படா கல்யாணமாகித் தனியாப் போவோம்னு இருக்கு'ன்னு புலம்பினீங்களே, அன்னிக்குத் துண்டு குலுங்குனதைக் கவனிக்கலையா?"

மூத்தவன் தலையில் அடித்துக்கொண்டான். "அதான் அடுத்த மாசமே பொண்ணு பார்க்கக் கிளம்பினாரா!"

"தங்கமான மனுஷன் தம்பி. சில நாள் வீட்டு ஞாபகம் வந்து பாதியிலயே எழுந்திரிப்பார். நான்தான் 'இருங்க சார்'னு இன்னொரு துண்டைப் போட்டு அமுக்கிடுவேன். 'என் வீட்டுக்காரிக்கு மட்டும் தெரியவே கூடாது, மனசு ஒடிஞ்சுடுவா'ன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருந்தார்."

மேடையில், "அடுத்து மூத்த மகன் பேசுவார்" என்று அறிவித்தார்கள்.

"ஓவர்டைம்னே சொல்லிடறேன்," என்றான் மூத்தவன். "அம்மா நிம்மதியா இருக்கட்டும்."

"சூப்பர்வைசர் எழுந்து, பொய்னு கத்தினா?"

"அவர் வாயில இன்னும் நாலு பிஸ்கட்டைத் திணி."

திரும்பியவன் திடுக்கிட்டான். பின்னால் அம்மா நின்றிருந்தாள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள், தெரியவில்லை. தங்கை, அண்ணனின் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினாள்.

அம்மா பிள்ளைகளைப் பார்க்கவேயில்லை. சலூன்காரர் பக்கம் குனிந்து, தணிந்த குரலில் கேட்டாள்:

"அண்ணே, எட்டு மணிக்கு முன்னாடி அவரை வீட்டுக்கு அனுப்பிடாதீங்கன்னு கடைக்கே வந்து உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கிட்டேனே... அது கடைசி வரைக்கும் அவருக்குத் தெரியாதுதானே?"