எல்லம்மாள் தலைப் பேன்

"வந்துட்டாடா, இன்னிக்கும் வந்துட்டா! பேன் மூட்டையைத் தூக்கிக்கினு!"

தாயாரம்மாள் கையிலிருந்த முறத்தைத் தொப்பென்று கீழே வைத்தாள்.

புழக்கடை முருங்கை மரத்தடியில், பக்கத்து வீட்டு எல்லம்மாள் கொண்டையை அவிழ்த்துவிட்டு, பவளத்தின் மடியில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்தாள். பவளம் முடியை விலக்கி விலக்கிப் பார்ப்பதும், கட்டைவிரல் நகத்தில் வைத்து 'டக்'கென்று குத்துவதுமாக இருந்தாள்.

பவளம் தாயாரம்மாளின் மருமகள். உட்கார வைத்துச் சோறு போட வேண்டிய சீக்காளி.

மகன் ராஜாராம் செருப்பை மாட்டிக்கொண்டே சிரித்தான். "வுடும்மா. பொம்பளைங்க பேன் பாக்கறது ஊர்ல இல்லாத அதிசயமா?"

"ஒடம்பு முடியாத பொண்ணுகிட்ட வேலை வாங்கறாளே, இது அடுக்குமாடா? அதுல கொறட்டை வேற!"

குறட்டை நிஜம்தான். முருங்கை மரத்துக் காக்கா கூடப் பறந்துவிட்டது.

பவளத்துக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. பொங்கல் முடிந்த கையோடு சுவரைப் பார்த்துப் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை. சோறு இறங்கவில்லை. பேச்சு நின்றது. தலை கூட வாரிக்கொள்ளவில்லை. வேப்பிலை அடித்தார்கள், மாகறல் சாமிக்கு வேண்டிக்கொண்டார்கள். ஒன்றும் கேட்காமல், கடைசியில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினார்கள். கூப்பிடாமலே எல்லம்மாளும் கூட ஏறிக்கொண்டாள். அவள் தனிக்கட்டை. புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு ஆடுகளோடு பேசிக் காலம் தள்ளுகிறவள்.

"மனச்சோர்வு. இதுவும் ஒரு வியாதிதாம்மா. மாத்திரை தர்றேன், மெதுவாத்தான் கேக்கும்" என்றார் டாக்டர். அதற்கு மேலும் என்னவோ சொல்லிக்கொண்டிருந்தார். தாயாரம்மாளுக்கு உத்திரமேரூர் பஸ் போய்விடுமே என்ற பதைப்பு. மாத்திரைப் பொட்டலத்தை முந்தானையில் முடிந்துகொண்டு முன்னால் ஓடிவிட்டாள்.

வேளை தவறாமல் மாத்திரை கொடுத்தாள். அதில் அவளைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப் போகும். ஆனால் கூடவே தன் வைத்தியத்தையும் சேர்த்துக் கொடுத்தாள். "சிரிடி! ஒனக்கு இன்னா கொறை? எழுந்து நடமாடு!" அவள் சொல்லச் சொல்ல, பவளம் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள்.

அப்படிக் கிடந்தவள் இப்போது தேறிக்கொண்டு வருகிறாள். மத்தியானமானால் தானாக எழுந்து மரத்தடிக்குப் போகிறாள். நேற்று ரேடியோப் பாட்டுக்கு உதடு கூட அசைந்தது. தாயாரம்மாளுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. இந்த நேரம் பார்த்து ஊரான் வீட்டுப் பேன் இவள் தலையில் ஏறி, மறுபடியும் படுத்துவிட்டால்?

"இன்னியோட இதுக்கு ஒரு முடிவு கட்டறேன்!"

பேன் சீப்பையும் ராஜாராமின் பழைய வெள்ளை வேட்டியையும் எடுத்துக்கொண்டு புறப்பட்டாள். நல்லவேளை, பவளம் தண்ணீர் குடிக்க உள்ளே போயிருந்தாள்.

"எழுந்திருடி எல்லம்மா! ஒன் பேன் பண்ணையை ஒழிச்சுட்டுத்தான் மறுவேலை!"

எல்லம்மாள் திமிறினாள். விடுவாளா தாயாரம்மாள்! வேட்டியை விரித்து, தலையைக் குனியவைத்து, வகிடு வகிடாக இழுத்தாள். நாலைந்து நரைமுடி விழுந்தது. பேன் விழவில்லை. ஒரு ஈர் கூட இல்லை.

"இன்னாடி இது? ஒன் தலை கழுவி வச்ச தட்டாட்டம் கீது!"

"ஐயோ, கத்தாதேக்கா! அவ காதுல வுழப்போவுது." எல்லம்மாள் அவள் வாயைப் பொத்தினாள். "நீதான் பஸ்ஸுக்கு ஓடிட்டியே. டாக்டரு என்கிட்டதான் சொன்னாரு. 'சிரி, எழுந்திருன்னு நச்சரிக்காதீங்க. பேசலைன்னாலும் கூட யாராச்சும் உக்காருங்க. சின்னதா ஒரு வேலை அவங்க கைக்குக் குடுங்க'ன்னாரு. எனக்கு இன்னா தெரியும்? தலையைக் குடுத்தேன். பேன் பாக்கறவ யாரு மூஞ்சியையும் பாக்க வாணாம், பேசவும் வாணாம். நெஜமாவே பேன் கீதுன்னு நம்பிக்கினு கீறா, பாவம். கெடுத்துடாதே."

தாயாரம்மாளுக்குச் சுருக்கென்றது. இவளையா வாய்க்கு வந்தபடி பேசினோம் என்று வெட்கமாகப் போயிற்று.

"எனக்கும் புத்தி இல்லடி. நாளைக்கும் வா. ஒன் பங்குக்கு மோர் எடுத்து வைக்கறேன்."

"வந்துடறேன்க்கா. இப்ப ஆட்டைப் போய்க் கட்டணும்" என்று கொண்டையை முடிந்துகொண்டு எல்லம்மாள் நடந்தாள்.

சொம்போடு வெளியே வந்தாள் பவளம். "சின்னத்தே எங்க அத்தே?"

"ஆடு கத்திச்சு, போயிருக்கா." தாயாரம்மாள் குரலைச் சரிப்படுத்திக்கொண்டாள். "ஏண்டி, அவ தலையில எக்கச்சக்கமா பேன் கீதுடி! நீதான் தெனமும் பாத்து வுடணும்."

பவளம் அத்தையைப் பார்த்தாள். விரித்த வேட்டியைப் பார்த்தாள். களுக்கென்று சிரித்துவிட்டாள். எத்தனை மாசத்துச் சிரிப்பு அது! தாயாரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பேனும் இல்ல அத்தே. மொத நாளே தெரியும்."

"அடிப்பாவி! அப்போ தெனமும் டக்கு டக்குன்னு குத்தினியே, அது இன்னாத்தை?"

"வெறும் நகத்தைத்தான். சின்ன மாமா போனதுலேர்ந்து சின்னத்தைக்கு ராத்திரியில தூக்கமே இல்லியாம். என் மடியில, இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கினுதான் கண்ணு மூடறாங்க." பவளம் வேட்டியை உதறி மடித்தாள். "பேன் இல்லன்னு வெளியில தெரிஞ்சா அப்புறம் வர மாட்டாங்க, பாவம். மொதல்ல அந்தச் சீப்பை எங்கனா ஒளிச்சு வைங்க அத்தே!"