அல்ஜீப்ராவின் பூர்வீகம்

"ஐயோ, தொடாதீங்க டாக்டரம்மா! உயிர் போகுது!"

"நான் இன்னும் தொடவே இல்லயே, சார்."

அகராதி அலுவலகத்தின் புத்தக ஏணியிலிருந்து விழுந்தவருக்கு வலது தோள் எலும்பு நழுவியிருந்தது. இரண்டு முறை முயன்றாகிவிட்டது. கிட்டே போனாலே பயத்தில் தசைகள் கல்லாக இறுகின. இறுகினால் எலும்பு குழிக்குள் ஏறாது. மயக்க மருந்து கொடுக்கலாமென்றால், போன வருடம்தான் இதய அறுவை சிகிச்சை. அப்படியே விடவும் முடியாது. விரல்கள் மரத்துக்கொண்டு வந்தன.

டாக்டரம்மா வெளியே போய்விட்டு, விழுந்தவரின் மனைவியோடு திரும்பினார்.

"மயக்க மருந்து டாக்டர் வந்து முடிவு பண்ணட்டும். அதுவரைக்கும் கை தொங்காம நான் பிடிச்சுக்கறேன். ஆமா சார், அல்ஜீப்ரா கிரேக்க வார்த்தைதானே?"

அகராதிக்காரர் நிமிர்ந்தார்.

"கிரேக்கமா? யார் சொன்னது?"

"எல்லாரும் சொல்றாங்களே."

"நல்லா சொன்னாங்க போங்க! இங்கிலீஷுக்கு அது லத்தீன்லேர்ந்து வந்துச்சு. லத்தீனுக்கு அரபியிலேர்ந்து. அங்க அது அல்-ஜப்ர். 'அல்'ங்கறது வெறும் ஒட்டு."

"ஜப்ர்னா?"

"போச்சு," என்றார் மனைவி. "இனி ராத்திரி சாப்பாட்டுக்குத்தான் பேச்சை நிறுத்துவார்."

"நீ சும்மா இரு. ஒரு எண்ல பத்தைக் கழிச்சா இருபதுன்னு கணக்கு, வைங்க. கழிச்ச பத்தை ரெண்டு பக்கமும் கூட்டினா, குறைபட்ட எண் முழுசாயிடும். முப்பது! அப்படிக் குறையைச் சரிபண்றதுதான் ஜப்ர். அதே சொல் அரபியில வைத்தியத்துக்கும் உண்டு. ஸ்பெயின்ல அந்த வைத்தியருக்கு 'அல்ஜெப்ரிஸ்தா'ன்னே பேரு. இங்கிலீஷ்லயும் ஒரு காலத்துல அந்த அர்த்தம் இருந்துச்சு."

"எந்த அர்த்தம் சார்?"

"விலகின எலும்பைப் பழைய இடத்துல சேர்க்கிறது!"

சொன்ன பிறகுதான் அவருக்குத் தன் தோள் நினைவுக்கு வந்தது. முகம் வெளுத்தது.

"மயக்க மருந்து டாக்டர் எப்ப வருவார்?"

"அவரை நான் கூப்பிடவே இல்ல. நீங்க எப்ப பயத்தை மறப்பீங்கன்னு வெளியில உங்க வீட்டம்மாகிட்ட கேட்டேன். 'ஒரு வார்த்தைக்கு ஊரைத் தப்பாச் சொல்லுங்க, போதும்'னாங்க," என்று அவர் கையை மெல்ல விட்டார் டாக்டரம்மா. "நீங்க ஸ்பெயினைத் தாண்டறப்பவே எலும்பு குழிக்குள்ள ஏறிடுச்சு சார்."