தெரிந்தவர் குரல்

“மரகதம்! கதவைத் திறங்க!”

கதவு திறக்கவில்லை.

மறுபடி தட்டினாள். மழை தூறிக்கொண்டிருந்தது. எஸ்டேட் குடியிருப்பின் அந்த வரிசையில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் கொழுந்து பறிக்கப் போயிருந்தார்கள்.

பேய் நடமாடுவதாகச் சொல்லும் வீடுகளுக்குப் போய், நடமாடுவது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்வது அவள் வேலை. இத்தனை வருஷத்தில் ஒரு பேயையும் பார்த்ததில்லை.

காலையில் இந்த வீட்டுக்கு வந்திருந்தாள். படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்காருவதாக மரகதம் சொன்னாள். தலை பிளக்கிறதாம். சுவரோரம் நிழல் நகர்கிறதாம். மகளுக்கும் அப்படியே.

பூசாரி சொன்னார் என்று ஜன்னல்களில் பலகை அடித்திருந்தார்கள். குளிருக்கு அறை நடுவில் கரி அடுப்பு.

அவள் அடுப்பைத்தான் பார்த்தாள்.

“பேயெல்லாம் இல்லம்மா. கரிப்புகை. ஆளையே கொன்னுரும். அடுப்பை வெளிய வைங்க. ஜன்னலைத் திறந்து விடுங்க.”

மரகதம் தலையாட்டினாள்.

அந்தத் தலையாட்டல்தான் உறுத்திக்கொண்டே இருந்தது. பாதி மலை இறங்கியவள் திரும்பி வந்துவிட்டாள்.

கதவிடுக்கில் கரி வாசம்.

“மரகதம், நான்தான். காலைல வந்தேனே!”

உள்ளே குழறலாக ஒரு குரல். மகளிடம் சொல்கிறது.

“பேசாத கண்ணு. தெரிஞ்சவங்க குரல்லதான் அது கூப்பிடும்.”

மகளிடமிருந்து சத்தமே இல்லை.

தோளால் கதவை மோதினாள். அசையவில்லை. ஜன்னல் பலகையைப் பிடித்து இழுத்தாள். நகம் பிய்ந்தது. உதவிக்குக் கத்தினாள். புகை என்றாள், விஷம் என்றாள், புள்ளையைக் காப்பாத்துங்க என்றாள். உள்ளே முனகல் தேய்ந்துகொண்டே போனது.

சொல்ல இன்னும் ஒன்றுதான் மிச்சம்.

கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

“அடியே! மாரியாத்தா வந்திருக்கேன்டி! என்னையே மழையில நிக்க வெக்கிறியா? தொறடி!”

அந்தக் குரல் அவளையே தூக்கிவாரிப் போட்டது.

உள்ளே ஏதோ உருண்டது. தவழ்ந்து வரும் ஓசை. தாழ்ப்பாள் விலகியது.

சிறுமியை மழைக்குள் இழுத்துப் போட்டாள். கன்னத்தில் தட்டினாள். தலை துவண்டது. மறுபடி தட்டினாள்.

சிறுமி இருமினாள். வாந்தி எடுத்தாள். பிறகு அழுதாள்.

மரகதம் சேற்றில் விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

“அது போயிருச்சா தாயி?”

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். காலையில் சொன்னதும் அதே உண்மைதான்.

“போயிருச்சு. வீட்டுக்குள்ள கரி போட்டா திரும்பி வரும். ஜன்னலை அடைச்சாலும் வரும்.”

“உன்மேல சத்தியமா போடமாட்டேன் தாயி.”

கத்தல் கேட்டு மேல்சரிவிலிருந்து பெண்கள் இறங்கி வந்திருந்தார்கள். முதுகுக் கூடையை இறக்காமல் கைகூப்பி நின்றார்கள். ஒருத்தி மட்டும் அடுத்த வரிசை வீடுகளுக்கு ஓடினாள். காய்ச்சலில் கிடந்த கைக்குழந்தையைத் தூக்கி வந்து அவள் காலடியில் கிடத்தினாள்.

“நேத்துலருந்து பால் குடிக்கல. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கறாங்க. பூசாரி வேண்டாங்கறாரு. நீ சொல்லு ஆத்தா.”

எல்லோரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

எந்தக் குரலில் என்பதுதான்.