அடித்தகடு

“என்னம்மா, ரோட்டுக்கே வகிடு எடுத்துட்டு வந்திருக்கீங்க!”

பட்டறை வாசலில் கையைக் காட்டி வண்டியை நிறுத்திய மெக்கானிக், சிரித்துக்கொண்டே பின்னால் சுட்டிக் காட்டினான். அப்போதுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.

தார்ச்சாலையில் வெள்ளையாக ஒரு கோடு.

அவள் காரின் அடியிலிருந்து புறப்பட்டு, வளைவில் வளைந்து, பெட்ரோல் பங்குக்குள் நுழைந்து வெளியே வந்து, கண்ணுக்கு எட்டிய தூரம் வரைக்கும் போயிருந்தது. வழி தெரியாமல் எதிர்ச் சந்துக்குள் விட்டு, ஒரு லாரிக்காரனிடம் திட்டு வாங்கித் திரும்பினாளே, அதைக்கூட விடவில்லை.

எஞ்சினில் கல்லும் சேறும் அடிக்காமல் இருக்க அடியில் ஓர் இரும்புத் தகடு மாட்டியிருக்கும். அதன் ஒரு பக்கம் கழன்று தொங்கித் தரையை உரசிக்கொண்டே வந்திருக்கிறது.

சத்தம் கேட்கவில்லையா என்றான் மெக்கானிக். கேட்காமல் என்ன? வழி நெடுகக் கேட்டது. பழைய வண்டி, முனகிக்கொண்டுதான் வரும் என்று விட்டுவிட்டாள். இறங்கிப் பார்க்கிற நிலையிலா இருந்தாள் பாவி மகள்!



காலையிலிருந்து என்ன பாடு! போனை வீட்டிலேயே தலையணைக்கு அடியில் போட்டுவிட்டு வந்தாள். கூடப்பிறந்த அண்ணனிடம்கூட மூச்சு விடவில்லை. பெரிய ரோட்டில் கேமரா இருக்கும் என்று சுற்றுவழியாக வந்தாள். பள்ளிக்கூடத் தோழி ஒருத்தி ஈ காக்கைக்குத் தெரியாமல் இந்த ஊரில் ஒரு வேலையும் ஒற்றை அறையும் பார்த்து வைத்திருந்தாள். புருஷன் கண்ணில் படாமல் அங்கே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அவன் அடித்ததில்லை. ஒருநாளும் கை ஓங்கியதில்லை. வேலைக்குப் போகும்போது வெளியே பூட்டிக்கொண்டு போவான், வந்து திறப்பான். மற்றபடி பொறுமைசாலி என்றுதான் எல்லாரும் சொல்வார்கள்.

இன்று காலை பூட்ட மறந்துவிட்டான். கார்ச் சாவியும் மேசை மேலேயே கிடந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுதான் முதல் தடவை. கடவுள் கண்ணைத் திறந்துவிட்டார் என்று மகளைத் தூக்கிப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு கிளம்பியவள்தான்.

“இது மழை பேஞ்சா அழிஞ்சிடுமாண்ணே?”

“தார் கீறினது மழைக்கு எங்கம்மா அழியும்? விடுங்க, ரோட்டைக் கீறிட்டீங்கன்னு கேஸா போடப் போறாங்க?”

அவன் சாக்கை விரித்து, ஜாக்கியை ஏற்றி, வண்டிக்கு அடியில் நுழைந்தான். கால் இரண்டும் மட்டும் வெளியே தெரிந்தன. மகள் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள்.

அவள் சாலையையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு பால் வண்டி வந்தது. உயிர் போய் உயிர் வந்தது. அப்புறம் ஒரு பைக்.

பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு பெரிய பள்ளத்தில் வண்டி டமாரென்று இறங்கியது நினைவுக்கு வந்தது. அங்கேதான் அடிபட்டிருக்கும். அப்படியானால் கோடு பாலத்தில்தான் ஆரம்பிக்கும். பாலம் வரைக்கும் அவன் வரவேண்டுமே! வீட்டிலிருந்து பாலத்துக்குள் எத்தனை பிரிவு, எத்தனை திருப்பம். நினைக்க நினைக்கக் கொஞ்சம் தெம்பு வந்தது.

“பள்ளத்துல அடிச்சு ஒடைஞ்சிருக்கும்ணே,” என்றாள்.

அடியில் ஸ்பானர் சத்தம் நின்றது.

“ஒடையலையேம்மா. யாரோ கழட்டி விட்டிருக்காங்க. போல்ட்டைக்கூடத் தூக்கிப் போடல, துணியில முடிஞ்சு மேல பத்திரமா கட்டி வெச்சிருக்காங்க. ரொம்பப் பொறுப்பான ஆளு!”

கிரீஸ் படிந்த கை ஒன்று வெளியே நீண்டது. உள்ளங்கையில் ஒரு சின்ன முடிச்சு.

அவிழ்த்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. மின்விசிறியானாலும் சரி, குழாயானாலும் சரி, அவள் புருஷன் எதைக் கழற்றினாலும் அதன் திருகாணிகளைத் துணியில் முடிந்து பக்கத்திலேயே கட்டி வைப்பான். கழட்டினது எல்லாம் திரும்ப அதது இடத்துக்கு வந்து சேரணும் என்பான்.



மகள் டயரிலிருந்து குதித்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள்.

“ஐ, என்னோட பூப்போட்ட கவுனு!”

அந்தக் கவுன் பையில் அல்லவா இருக்கிறது! ஒரு வாரமாக, அவன் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு துணியாக எடுத்து வைத்த பை. பழைய பாய்களுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை, காலையில் திறந்துகூடப் பார்க்காமல் அப்படியே தூக்கி வந்திருந்தாள்.

பின்கதவைத் திறந்து பையின் ஜிப்பை இழுத்தாள்.

எல்லாவற்றுக்கும் அடியில் வைத்த கவுன் மேலே இருந்தது. கீழ் ஓரத்தில் நாலு விரல் அகலத்துக்கு நேராகக் கத்தரித்து எடுத்திருந்தது. மற்றத் துணிகள் எல்லாம், அவள் மடித்ததைவிட ஒழுங்காக, மறுபடி மடித்து அடுக்கப்பட்டிருந்தன.