பீரோவுக்கு அந்தப் பக்கம்

"மூணாவது ஆள் மறுபடியும் போயிட்டான்" என்று மேசைமேல் தலையைச் சாய்த்துக்கொண்டான் அவன்.

பீரோவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து மனைவியின் குரல் வந்தது. "பாத்திரம்!"

அது அந்த வீட்டுச் சட்டம். இருவருமே வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்கள். ரகசியம் காப்போம் என்று அவரவர் கம்பெனிக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தவர்கள். கூடத்தின் நடுவில் பீரோவை நிறுத்தி, இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். வேலையைப் பற்றி வாயைத் திறந்தவர் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். ஒன்பது வருஷக் குடித்தனத்தில், அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று அவனுக்கு இன்னும் சரியாகத் தெரியாது.

அவனுடையது டேட்டாபேஸ் அமைக்கும் வேலை. ஒரு மருத்துவமனைக்காக மூன்று ஊர்களில் மூன்று சர்வர். நோயாளிகளின் விவரம் மூன்றிலும் ஒன்றுபோல இருக்கும். ஒன்று படுத்துக்கொண்டாலும் மற்ற இரண்டும் தாங்கும். ஆனால் முதல் தடவை மூன்றும் கால்மணி நேரமாவது விடாமல் சேர்ந்து நிற்க வேண்டும்.

நின்றால்தானே! மூன்றாவதை எழுப்பிய மூன்றாம் நிமிஷம் அது மாயமாகிவிடுகிறது. காலையிலிருந்து பதினோரு தடவை.

இதை முடிக்காமல் எழுந்திருக்க முடியாது. ஐந்து மணிக்கோ மகளின் பள்ளி நாடகம். அதில் அவள் மரம். போன வருஷம் பாறையாக நடித்தபோது அப்பாவும் போகவில்லை, அம்மாவும் போகவில்லை.

"இந்தத் தடவையும் வரலைன்னா மேடையிலேயே உக்காந்துடுவேன். மரம் உக்காந்துட்டா நாடகமே போச்சு" என்று மிரட்டிவிட்டுப் போயிருந்தாள்.

மூன்றாவது சர்வர் இருக்கும் ஊர் டெக்னீஷியனுக்குப் போன் போட்டான்.

"சார், பொட்டி நல்லாத்தான் ஓடுது. பச்சை லைட்டு எரியுது. பக்கத்துலயே நாற்காலி போட்டு உக்காந்திருக்கேன், போதுமா?"

பன்னிரண்டாம் தடவை எழுப்பினான். அந்தப் பக்கம் கீபோர்டு படபடவென்று பொரிந்தது. மூன்றாவது சர்வர் போயே போய்விட்டது.

"கொஞ்சம் மெதுவாத் தட்டேன். மனுஷன் யோசிக்க வேண்டாமா?"

"எனக்கும் இன்னிக்கு ஒரு சனியன் வாய்ச்சிருக்குங்க."

"பாத்திரம்!"

"சரி, ஆளுக்குப் பாதி."

மூன்றரை மணிக்கு அவனுக்கு ஒரு யோசனை தோன்றியது. மூன்றாவது சர்வரின் பெயரை மாற்றினான். வழக்கமான வழியை விட்டு வேறொரு வழியாக, கல்யாண வீட்டுக்குள் அழையாத விருந்தாளியை நுழைப்பதுபோல, மெல்ல உள்ளே கொண்டுவந்தான்.

ஐந்து நிமிஷம். நின்றது. பத்து நிமிஷம். அந்தப் பக்கம் அவள் போனில் யாரிடமோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். பதினைந்து.

திரையில் மூன்று பச்சைப் புள்ளிகள்.

"சேர்ந்துடுச்சு!" என்று துள்ளி எழுந்தான்.

"மாட்டிக்கிட்டான்!" என்று அவளும் துள்ளி எழுந்தாள்.

இருவரும் பீரோவின் ஓரத்தில் முட்டிக்கொண்டு, அப்படியே கட்டிக்கொண்டார்கள்.

"எல்லாப் பாத்திரத்தையும் நானே கழுவறேன், சொல்லாம இருக்க முடியல" என்றாள். "கஸ்டமர் சிஸ்டத்துல ஒரு திருட்டுப் பய காலையிலேர்ந்து எனக்குத் தண்ணி காட்டினான். வெளியே தள்ளத் தள்ள மறுபடி உள்ளே நுழையறான். எங்கேயோ உக்காந்து ஆட்டி வைக்கிறான். அவன் வீட்டையே கண்டுபிடிச்சாச்சு. போலீஸ் கிளம்பிடுச்சு. அட்ரஸ் எனக்கும் அனுப்பறாங்களாம்."

"யாரு பெத்த பிள்ளையோ, பாவம். நீ சீக்கிரம் கிளம்பு, நாடகத்துக்கு நேரமாச்சு. டாக்ஸிக்குச் சொல்லிட்டேன்."

ஷூ மாட்டி முடிப்பதற்குள் அழைப்பு மணி அடித்தது. டாக்ஸிக்காரன் கெட்டிக்காரன் என்று நினைத்துக்கொண்டே தாழ்ப்பாளில் கை வைத்தான்.

பின்னால் அவள் போன் சிணுங்கியது. வந்திருந்த விலாசத்தைப் படித்தாள். பீரோவைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள்.

"ஏங்க, கதவைத் திறக்காதீங்க!"